முதியோர் பராமரிப்பாளரைப் பழக்குவது எப்படி: முதலில் ஆள், பிறகு கைவேலை

யாழ்ப்பாணத்தில் முதியோர் இல்லம் நடத்துபவர்களுக்கும், வீட்டுப் பராமரிப்புக்கு ஆட்களைப் பழக்கி அனுப்பும் ஊர்ச் சங்கங்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் பழக்கிய முதல் இரண்டு அணிகளுக்கும் கட்டில் விரித்தல், பிரஷர் பார்த்தல், பம்பேஸ் மாற்றுதல் என்றுதான் தொடங்கினேன். பிள்ளைகள் வேகமாகப் பழகினார்கள். மூன்றாம் கிழமை அவர்கள் வேலை செய்த இடத்துக்குப் போனேன். "ஏழாம் கட்டில் குளிச்சாச்சு, எட்டாம் கட்டில் சாப்பிடுதில்லை" என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். எட்டாம் கட்டிலில் இருந்தவர் முப்பது வருடம் படிப்பித்த ஒரு ரீச்சர். அது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் வழி காட்டியிருக்கவும் இல்லை.

அன்றிலிருந்து ஒழுங்கை மாற்றிவிட்டேன். மொத்தம் 10 நாள் வகுப்பு, நாளுக்கு 4 மணித்தியாலம். முதல் நான்கு நாளும் ஆளை அறிவதற்கு. ஐந்தாம் நாள்தான் கைவேலை. பிறகு 4 கிழமை அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து நின்று வேலை. என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுக்குப் போக விரும்புகிறவர்கள் அதையும் தனியாக எடுக்கட்டும். இந்த வகுப்பு அதற்குப் பதில் அல்ல. அதற்கு முன்னால் போட வேண்டிய அத்திவாரம்.

1. தொடங்கும் முன் ஆயத்தம்

ஓர் அணிக்கு 8 முதல் 10 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் செய்வதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பார்த்தால் பழகாது.

தேவையான பொருட்கள்: ஒரு கட்டில், சக்கர நாற்காலி, கொமட் கதிரை, வோக்கர், பேசின் இரண்டு, துவாய்கள், கையுறை, பம்பேஸ், இரண்டு மூன்று தலையணை. ஆளுக்கொரு கொப்பியும் வேண்டும். அந்தக் கொப்பி எதற்கு என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

கைவேலை வகுப்பில் ஒன்றையாவது கழிப்பறை வளவின் பின்பக்கம் இருக்கும் ஒரு பழைய வீட்டில் வையுங்கள். நம் ஊரில் அப்படி வீடுகள் நிறைய. மாபிள் பதித்த குளியலறையில் மட்டும் பழகியவர், மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியில் ஓர் ஐயாவை நடத்திக்கொண்டு போகும்போது தடுமாறுவார்.

வகுப்புக்கு வந்து கதைக்க இரண்டு மூன்று முதியவர்களை அழையுங்கள். சம்மதத்தை அவர்களிடமே நேரில் கேட்க வேண்டும். பொறுப்பாளர் "ஓம்" என்றது போதாது. படிப்பிக்க வருகிறவர்களாக நடத்துங்கள், போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள், அவர்களைப் படுக்கவைத்துச் செய்து காட்ட வேண்டாம். செய்து காட்டப் பயிலுநர்களே போதும்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டியவை: அம்புலன்ஸ் 1990, மனநல உதவி 1926, பிரதேச செயலகத்தில் முதியோர் அலுவல் பார்ப்பவரின் இலக்கம்.

2. ஆட்களைத் தெரிவு செய்தல்

நேர்முகத்தில் நீண்ட கேள்விகள் வேண்டாம். ஒரு முதியவருக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் இருக்கவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். போனை எடுக்கிறாரா, அவரது கண்மட்டத்துக்குக் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறாரா, பேச்சு நின்றபோது பதறாமல் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

ஆண்களையும் சேர்க்க வேண்டும். ஒரு பெண் பிள்ளை குளிக்க வார்ப்பதைத் தாங்கமுடியாமல் கிழமைக்கணக்கில் குளிக்காமல் இருந்த ஐயாக்களைப் பார்த்திருக்கிறேன். "பிடிவாதக்காரர்" என்று எழுதிவைத்திருந்தார்கள். ஒரு தம்பி வந்ததும் அன்றே குளித்தார்கள்.

சம்பளம், இரவு வேலை, லீவு எல்லாவற்றையும் முதல் நாளே திறந்து சொல்லுங்கள். மறைத்தால் இரண்டாம் மாதம் ஆள் போய்விடும். அந்த முதியவர் இன்னொரு புது முகத்துக்குப் பழக வேண்டியிருக்கும்.

3. முதல் இரண்டு நாள்: பராமரிக்கப்படுவது எப்படி இருக்கும்

முதல் நாள் ஒவ்வொருவரும் கட்டிலில் படுக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு, இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் கஞ்சி ஊட்டுவார். பிறகு அதே கஞ்சியை, "அம்மா, கஞ்சி கொண்டுவந்திருக்கிறன், கொஞ்சம் சூடு" என்று சொல்லி ஊட்டுவார். உடுப்புக்கு மேல் தண்ணீர் ஊற்றிய பம்பேசைக் கட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் இருப்பார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை ஒரு சொல்லும் சொல்லாமல் திடீரென்று தள்ளுவார்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. "கேட்காமல் தொடாதே" என்று நூறு தரம் சொல்வதைவிட, ஒரு தரம் எதிர்பாராமல் கரண்டி வாயில் இடித்தால் அது உடம்பில் நின்றுவிடும். முடிந்ததும் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவசரப்பட வேண்டாம். சிலர் அழுவார்கள், வீட்டில் கிடந்த அம்மம்மாவை நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் பேச்சு. நம் தமிழில் "நீங்கள்", "நீர்", "நீ" என்று மூன்று படி இருக்கிறது. முதியவரிடம் எப்போதும் "நீங்கள்"தான். "நீர்" மரியாதைக் குறைவில்லை என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். தன் பேரப்பிள்ளை வயதுக்காரர் வாயிலிருந்து வந்தால் அந்தச் சொல் குத்தும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதை அவரிடமே கேளுங்கள். ஒருவருக்கு "ஐயா", இன்னொருவருக்கு "மாஸ்ரர்", ஒருவருக்கு "ஆச்சி" என்றால் சந்தோசம், மற்றவருக்கு அது தன்னைக் கிழவியாக்குவதுபோல. குழந்தையோடு கதைப்பதுபோலக் குரலை இழுத்துக் கொஞ்சுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் எண்பது வயது மனிதர் அதைக் கேட்டுக் கூசிப்போவார்.

காது மந்தமானவரிடம் கத்தக் கூடாது. கத்தினால் குரல் கீச்சென்று உயரும், சொல்லும் உடைந்துபோகும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி முன்னால் இருந்து, குரலின் சுருதியைத் தாழ்த்தி, மெதுவாகச் சொல்லுங்கள்.

4. மூன்றாம், நான்காம் நாள்: ஆளின் கொப்பி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமென்றால் இதை எடுங்கள்.

ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு கொப்பி. கிளினிக் கொப்பி வேறு, இது வேறு. எப்படிக் கூப்பிட வேண்டும், எழும்பியதும் முதல் என்ன செய்வார், எப்போது குளிப்பார், தேத்தண்ணிக்குச் சீனியா பனங்கட்டியா, என்ன வேலை செய்தவர், விரத நாட்கள் எவை, எதைக் கதைத்தால் முகம் மலரும், எதைத் தொடக் கூடாது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார், தன்னால் இன்னும் என்னென்ன செய்ய முடியும். இவ்வளவும் அதில் வர வேண்டும்.

புதியவர்கள் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: "வயது 82. பிள்ளைகள் மூன்று, கனடா. நீரிழிவு, பிரஷர்." இதில் ஆள் இல்லை. திருப்பிக் கொடுத்து, "காலையில் இவர் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் போய் இருந்துவிட்டு வரட்டும்.

ஓர் அம்மா காலைத் தேத்தண்ணியை நாளாந்தம் தள்ளிவிட்டார். பதிவில் "உணவு மறுப்பு" என்று இருந்தது. கொப்பிக்காக அவரோடு கதைத்த பிள்ளைதான் கண்டுபிடித்தது: குளித்து, திருநீறு பூசாமல் அவர் வாயில் எதுவும் வைத்ததில்லை. முகம் கைகால் கழுவி, திருநீற்றுச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். பூசிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். மருந்தோ மாயமோ தேவைப்படவில்லை.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டாம். நம் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் போதுமான அளவு விசாரிக்கப்பட்டவர்கள், பதிவுக்கு நின்றவர்கள். கீரை ஆய்ந்துகொண்டு, பாக்கு வெட்டிக்கொண்டு கதையுங்கள். எழுந்து வந்த பிறகு எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, "இது இருக்கட்டுமோ?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வரியை வெட்டிவிட வேண்டும்.

போர்க்காலத்தைப் பற்றி நீங்களாகக் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் இருந்து கேளுங்கள். ஆறுதல் சொல்ல ஓடாதீர்கள். "அந்த ஒக்டோபர்" என்றால் வலிகாமத்துக்காரருக்கு 1995, ஊரே இடம்பெயர்ந்த ஆண்டு. சோனகதெருவில் பிறந்தவருக்கு 1990, முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட ஆண்டு. எது என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல வேண்டாம். காணாமற்போன மகனுக்காக இன்னும் சோறு எடுத்துவைக்கும் தாயிடம், "அவர் இனி வரமாட்டார்" என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.

திருவிழா வெடிச் சத்தத்தையும் கொப்பியில் எழுதுங்கள். பயப்படுகிறவர் என்றால் அன்று பின்னேரமே, "இரவு கோயில் வாணம் விடுவினம், நான் பக்கத்திலை இருப்பன்" என்று சொல்லி, ஜன்னலைச் சாத்தி, சொன்னபடி இருக்க வேண்டும்.

5. ஐந்தாம் நாளிலிருந்து: கைவேலை

எந்த வேலைக்கும் ஒரே தொடக்கம்: பெயரைச் சொல்லு, என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லு, சம்மதம் கேள், பதிலுக்குக் காத்திரு. மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். வயதானவருக்குப் பதில் வர நேரம் எடுக்கும். பிள்ளைகள் மூன்றில் கையை நீட்டிவிடுவார்கள்.

குளிப்பாட்டல். முதலில் எல்லாப் பொருளையும் எடுத்துவைத்துவிட்டுத்தான் உடுப்பைக் கழற்ற வேண்டும். சவர்க்காரம் எடுக்கப் போய், முதியவர் குளிரில் அம்மணமாக இருப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. தண்ணீர்ச் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பாருங்கள். முகத்தை அவரே கழுவட்டும். கழுவும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடிவையுங்கள். மறைவிடத்தைக் கடைசியில், தனித் துணியால்; பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக, இல்லாவிட்டால் சலத்தில் கிருமித் தொற்று வரும். நீரிழிவுக்காரருக்குக் கால்விரல் இடுக்கைத் துடைத்து, சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் உணர்வு குறைந்தவருக்கு முள்ளுக் குத்தினதே தெரியாது.

உடுப்பு. பாரிசவாதம் வந்தவருக்குப் போடும்போது இயலாத கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். மாற்றிச் செய்தால் மடங்காத தோளை முறுக்க வேண்டிவரும். சீலை கட்டிப் பழகிய அம்மாவுக்கு, வேலை சுலபம் என்பதற்காக நைட்டியைப் பழக்காதீர்கள். நைட்டி வேண்டும் என்று அவர் கேட்டால் அது வேறு.

எழுப்புதல். கட்டில் விளிம்பில் இருத்தி, ஓரிரு நிமிடம் விட்டு, தலை சுற்றுகிறதா என்று கேட்ட பிறகே எழுப்ப வேண்டும். சடக்கென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள். சக்கர நாற்காலி நல்ல பக்கம் இருக்கட்டும், பிரேக் போட்டிருக்கட்டும். கக்கத்துக்குள் கைவிட்டுத் தூக்குவதையும், கையைப் பிடித்து இழுப்பதையும் முதல் நாளே நிறுத்துங்கள். பாரிசவாதத் தோள் கழன்றுவிடும், பிள்ளைகளின் நாரியும் பிடித்துவிடும்.

சாப்பாடு. நிமிர்த்தி இருத்த வேண்டும். படுத்தபடி ஒரு வாய்கூட ஊட்டக் கூடாது. சிறு கரண்டி, நாடி சற்றுத் தாழ்ந்தபடி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. சாப்பிட்ட பின் அரை மணித்தியாலமாவது சாய்க்காதீர்கள். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. நிறுத்தி வைத்தியருக்குச் சொல்லுங்கள். கண் தெரியாதவருக்குக் கோப்பையை மணிக்கூடுபோலச் சொல்லுங்கள்: "இடியப்பம் உங்கட பக்கம், ஆறு மணியிலை, சம்பல் மூன்று மணியிலை." அவரே எடுத்துச் சாப்பிடுவார். தானே சாப்பிடக்கூடியவருக்கு நேரம் மிச்சம் என்று ஊட்டினால், சில கிழமையில் அவர் கை அதை மறந்துவிடும்.

படுக்கையில் இருப்பவர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது பக்கம் மாற்றுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிக்கால் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அமத்தி எடுத்தும் வெளிறாவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அதைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய் போட்டு உரசுவது நம் வீடுகளில் வழக்கம். உள்ளே நைந்திருக்கும் தசை இன்னும் கெடும்.

குளிசை. இடித்துச் சோற்றில் கலக்கும் பழக்கத்தை விட வேண்டும். மெதுவாகக் கரையச் செய்யப்பட்ட குளிசைகளை இடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். ஊசி, குழாய் மாற்றுதல் தாதியருடைய வேலை. பராமரிப்பாளர் தொடக் கூடாது.

6. எல்லோருக்கும் ஒரே விதம்

இதைத் தனி நாளில் எடுங்கள். சுற்றி வளைக்காமல் சாதி என்ற சொல்லைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சொல்லாமல் விட்டால் தம்ளரில், பந்தியில், யார் யாரைத் தொடுவது என்பதில் அது சத்தமில்லாமல் நடக்கும்.

வேலை செய்பவர் பாகுபாடு காட்டினால் அவருக்கு இந்த வேலை இல்லை. முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடினமானது மறுபக்கம்: ஒரு முதியவர், "அந்தப் பிள்ளை என்னைத் தொடக்கூடாது" என்கிறார். ஆளின் விருப்பம் என்று சொல்லிப் பிள்ளையை மாற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் அதை ஏற்பதில்லை. பெண்ணைப் பெண் குளிப்பாட்டுவது கூச்சம் சம்பந்தப்பட்ட விருப்பம். அதை மதிக்க வேண்டும். இது இன்னொருவரைச் சிறுமைப்படுத்தும் விருப்பம். பொறுப்பாளர் தானே போய், "இன்றைக்கு உங்களோடை நிற்கிறவ இவதான், நானும் கூட நிற்கிறன்" என்று சொல்லி, பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. பிறகு அவரோடு இருந்து அவர் மனதையும் கேட்க வேண்டும்.

சமயம் பற்றி ஊகிக்காமல் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மச்சம் வேண்டாம் என்பவர் சைவராகவும் இருக்கலாம், தவக்காலத்தில் இருக்கும் கத்தோலிக்கராகவும் இருக்கலாம். ஓர் இஸ்லாமியப் பெரியவருக்குத் தொழுகைக்கு முன் கைகால் கழுவத் தண்ணீர் வேண்டும், கட்டில் எந்தத் திசை பார்க்கிறது என்பதும் முக்கியம்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பேன் என்று நீரிழிவுக்காரர் சொன்னால் தடுக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு மருந்தை ஒழுங்குபடுத்துங்கள். வியர்த்து, நடுங்கி, தடுமாறினால் சீனி இறங்கிவிட்டது. விழுங்கக்கூடியவர் என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் விடாமல் 1990.

பிள்ளைகள் இல்லாதவர், திருமணம் செய்யாதவர், பணம் கட்டாமல் இருப்பவர் ஆகியோரையும் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து போன் வருகிற கட்டிலில் விரிப்பு அடிக்கடி மாறும். விரிப்பு மாற்றிய நேரத்தை எழுதிவைத்தால் இது தெரிந்துவிடும்.

7. மறதி வருத்தம்

பின்னேரம் நாலு மணியானால் ஓர் அம்மா படலையடிக்குப் போய்விடுவார். கதவைப் பூட்டினால் சத்தம் போடுவார். கொப்பியைப் பார்த்தால் ஆடு வளர்த்தவர். அந்த நேரம் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வரும் நேரம். "ஆடு இல்லை அம்மா" என்று வாதாடுவதில் பயனில்லை. "வாங்கோ, போய்ப் பாப்பம்" என்று கூட நடந்து, வேலியில் குழை முறித்து, கதைத்துக்கொண்டு திரும்புவது வேலை செய்கிறது. கட்டிலோடு கட்டிவைப்பது எந்த நிலையிலும் கூடாது. கட்டு அவிழ்க்க முயன்று விழுவார்கள், தோல் கிழியும், பயம் கூடும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். மறதி மெதுவாக வருவது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று தடுமாறினால் அது வேறு: சலத்தில் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சளிக்காய்ச்சல், புது மருந்து. வயதானவருக்குக் காய்ச்சல் காயாமலே தொற்று இருக்கலாம். "வயசு போட்டுது" என்று விட்டுவிடாமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது. அடைப்பால் வந்த பாரிசவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எத்தனை மணிவரை நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு 1990ஐ அழையுங்கள்.

8. "வேண்டாம்" என்றால்

இதை நடித்துப் பழக்குங்கள். ஒருவர் முதியவராக இருந்து குளிக்க மாட்டேன் என்பார். மற்றவர் முதலில் காரணத்தைத் தேட வேண்டும்: நோவா, குளிரா, கூச்சமா, பயமா? பிறகு தெரிவு கொடுக்க வேண்டும். "ஐயா, இப்ப குளிப்பமோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் குளிப்பமோ?" இன்னும் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, அரை மணித்தியாலத்தால் திரும்ப வரலாம். ஒரு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பலவந்தமாகக் குளிப்பாட்டினால் அடுத்த நாளிலிருந்து உங்களைக் கண்டாலே பயப்படுவார்.

9. குடும்பத்தோடு

வீடியோ அழைப்புக்கு முன், கதைக்க விருப்பமா என்று முதியவரைக் கேளுங்கள். தலை வாரி, விரும்பிய உடுப்போடு அவர் திரையில் வர வேண்டும். கழிப்பறைக் கதையை அவர் முன்னால் மகனுக்குச் சொல்லாதீர்கள். படம் எடுத்து முகநூலில் போடுவது முழுத் தடை.

மகள் லண்டனிலிருந்து ஒன்றைச் சொல்வார், அம்மா இங்கே வேறொன்றைச் சொல்வார். தானே முடிவெடுக்கக்கூடிய அம்மா என்றால் அவர் சொல்வதுதான் நடக்க வேண்டும். மகளுக்கு அதைப் பணிவாக விளக்குவது பொறுப்பாளரின் கடமை, பயிலுநரின் தலையில் போடாதீர்கள்.

அடி, பட்டினி, பென்சன் காசைப் பறித்தல் கண்ணில் பட்டால் திகதியோடு எழுதிப் பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் அதில் வழி உண்டு.

10. பழகிவிட்டாரா என்று பார்ப்பது

எழுத்துப் பரீட்சை வேண்டாம். நாலாம் கிழமை ஒரு காலை முழுவதும் ஓரமாக இருந்து பாருங்கள். தொடும் முன் கேட்டாரா, பதிலுக்குக் காத்திருந்தாரா, கதவைச் சாத்தினாரா, முதியவர் செய்யக்கூடியதை அவரையே செய்யவிட்டாரா? பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு, அந்த முதியவரைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். வருத்தத்தின் பெயர்களோடு தொடங்கினால் இன்னும் இரண்டு கிழமை கூட நிற்கட்டும். முதியவரிடமும் தனியாகக் கேளுங்கள். "நல்ல பிள்ளை" என்பதோடு நிறுத்துவார்கள், "நாளைக்கும் இவவே வரட்டுமோ?" என்று கேட்டால் உண்மை வரும்.

மூன்று மாதத்தால் ஒரு தரம் சொல்லாமல் போய்க் கொப்பிகளைத் திறந்து பாருங்கள். புதிதாக ஒரு வரியும் ஏறாமல் கிடந்தால், நான்காம் படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.